உள்ளே இருப்போர்: ஒருவர்

வருகைப் பதிவு இயந்திரத்துக்காக எங்கள் துறை வெளியிட்ட கையேட்டின் ஒன்பதாவது பத்தி சொல்வது இதுதான்: பணியாளர் ஒருவர் ஓய்வு பெற்றாலோ, மாறுதலில் போனாலோ, இறந்துபோனாலோ, அலுவலகத்திலிருந்து கோரிக்கை வந்த அன்றே தலைமை அலுவலகம் அவருடைய முகத்தை இயந்திரத்திலிருந்து நீக்கிவிட வேண்டும். நல்ல பத்தி. ஓய்வையும் மாறுதலையும் மரணத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போகிற கை, நெடுநாள் கோப்பு பார்த்த கையாகத்தான் இருக்க வேண்டும். எழுதியபடி அது நடந்திருந்தால் எங்கள் பதிவறை எழுத்தர் செத்த அன்றே அலுவலகத்தை விட்டுப் போயிருப்பார். அவர் மகளுக்குக் கிடைத்த வேலை கைநழுவப் பார்த்திருக்காது. தென்காசியில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டிய நான், மழை இருட்டுகிற சாயங்காலங்களில் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று மனசுக்குள் சரிபார்த்துக்கொண்டிருக்கவும் மாட்டேன்.

அந்த அலுவலகத்தில் கடைசிச் சில ஆண்டுகள் நான் கண்காணிப்பாளர். வருகை, விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை மூன்றும் என் மேசை. யார் எந்த விதிக்குள் ஒளிவார்கள், அந்த விதியின் எந்த உட்பிரிவில் பிடிபடுவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். எனக்கு இதில் பெருமை உண்டு. அலுவலகத்தில் மற்ற யாருக்கும் கிடையாது.

இயந்திரம் வந்ததற்குக் காரணம் குற்றாலம். ஆனி பிறந்து சாரல் விழுந்து அருவியில் தண்ணீர் கொட்டத் தொடங்கினால், எங்கள் ஊழியர் ஒவ்வொருவர் வீட்டிலும் விருந்தாளிகள் வந்து இறங்குவார்கள். மற்ற மாதங்களில் இருக்கிறோமா செத்தோமா என்று கேட்காத மைத்துனர்களும் சகலைகளும் வேன் பிடித்து வருவார்கள். அவர்களை அருவிக்குக் கூட்டிப்போக வீட்டுக்காரரைத் தவிர வேறு யார்? எங்கள் அலுவலகத்தில் அதற்கொரு முறை உண்டு. காலையில் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது, நாற்காலியில் பையை வைப்பது, பைக்குள்ளிருந்து துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போய்விடுவது. மத்தியானம் ஈரத்தலையும் எண்ணெய் வாசமுமாகத் திரும்பி வந்து, பையைப் பார்த்து, தாம் அலுவலகத்தில்தான் இருந்திருக்கிறோம் என்று நிச்சயப்படுத்திக்கொள்வது. இது பரம்பரையாக நடந்துகொண்டிருந்தது. ஒரு சாரல் பருவத்தில் தலைமை அலுவலகத்து அதிகாரி ஒருவரும் விடுப்பு எடுக்காமல் குளிக்க வந்தார். அருவிக்கு அடியில் தன் முதுகை இடித்துக்கொண்டு நின்றவர் எங்கள் காசாளர் என்று கண்டுபிடித்தார். காசாளருக்கும் அவரை அடையாளம் தெரிந்தது. ஆனால் விதிகள் எப்போதும் மேலிருந்து கீழேதான் பாயும். அடுத்த நிதியாண்டில் இயந்திரம் வந்துவிட்டது.

வாசலில் கண்ணாடிக் கதவு. வெளிப்பக்கம் ஒரு இயந்திரம், உள்ளே வர. உட்பக்கம் பக்கச்சுவரில் ஒன்று, வெளியே போக. முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும். திரையில் நம் படம் வரும். ஒரு பெண்குரல் "வணக்கம், வருகை பதிவானது" என்று சொல்லும். போகும்போது "நன்றி, சென்று வாருங்கள்" என்று சொல்லும். திரையின் அடியில் 'உள்ளே இருப்போர்' என்று எழுதி, பக்கத்தில் எண்ணிக்கை. உள்ளே வந்தவர் வெளியே போனதாகப் பதிவாகாவிட்டால் மறுபடி உள்ளே வர முடியாது. பிறர் திறந்த கதவில் பதியாமல் போனவர், தாமே நேரில் உட்பக்க இயந்திரத்தின் முன் நின்று வெளியேற வேண்டும். அவருக்காக வேறொருவர் நின்றால் ஆள்மாறாட்டம்; இருவர் மேலும் நடவடிக்கை. படித்தபோது எனக்குப் பிடித்திருந்தது. துண்டுக்காரர்களுக்கு இதைவிட நல்ல கடிவாளம் கிடையாது.

ஆனால் எங்கள் ஆட்கள் குளிப்பதை விடவில்லை. நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். விடியுமுன் விருந்தாளிகளோடு போய் அருவியில் நின்றுவிட்டு, தலை ஒட்டிப்போய், கண் சிவந்து, நெற்றி நிறையச் சந்தனத்தோடு நேரே அலுவலகத்துக்கு வந்தார்கள். இயந்திரத்துக்கு ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை. சாரலில் வாசல் முழுக்க வரிசை. திருநெல்வேலியிலிருந்து இயந்திரக் கம்பெனிப் பையன் வந்து எதையோ தட்டிவிட்டு, "பிடியைக் கொஞ்சம் தளத்தியிருக்கேன் சார். இனிமே சாயல் இருந்தாலே திறந்துரும்" என்றான். திறந்தது. எல்லோருக்கும் திறந்தது. 'சாயல்' என்ற சொல்லை நான் அன்று கவனிக்காமல் விட்டேன். கையேட்டில் அந்தச் சொல் இல்லை.

இந்த அமளிகளில் சேராதவர் ஒருவர் இருந்தார். பதிவறை எழுத்தர். பழைய கோப்புகள் அடுக்கியிருக்கும் பின்கட்டு அறை அவருடையது. அலுவலகம் முழுக்க அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். வடகரையில் வீடு, வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் தென்காசிக்கு வந்துவிடுவார். பிறந்ததிலிருந்து அருவிச் சத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தும், வேலையில் சேர்ந்த பிறகு அவர் சாரலுக்குக் குளிக்கப் போனதே இல்லை.

"ஓய், ஒரு நாளாவது வாரும்வே. தலைக்குத் தண்ணி பட்டா கரைஞ்சா போயிருவீரு?" என்று நான் கேட்பேன்.

"அருவி எங்கன போகப்போகுது? ரிட்டயராகிட்டு தினமும் போயி நிக்கேன். அப்ப நீரு வந்து என்னை வெளிய இழுத்துப்போடும்" என்பார்.

முகம் பதிந்த அன்று, அவர் முறை வந்தபோது விறைப்பாக நின்றார். கதவு திறந்து பூட்டும் பொறுப்பு எங்கள் அலுவலக உதவியாளருடையது. பண்பொழிக்காரர், வாய் சும்மா இருக்காது. "அண்ணாச்சி, சிரிச்சாத்தான் மிசின் பிடிக்குமாம்" என்று அளந்துவிட்டார். அண்ணாச்சி நம்பிவிட்டார். எல்லாப் பல்லும் தெரிகிற மாதிரி சிரித்தார். "என்னவே, பொண்ணு பாக்கவா வந்திருக்கு?" என்றேன். அந்தச் சிரிப்பிலேயே படம் விழுந்தது. மற்ற எல்லோருடைய படமும் காவல் நிலையத்தில் எடுத்தது போல இருக்கும். அவர் படம் மட்டும் மாப்பிள்ளை.

இயந்திரம் வந்த அதே சாரலில், ஒரு காலையில் அவர் வழக்கம்போல முதல் ஆளாக வந்து முகம் காட்டி உள்ளே போனார். முற்பகலில் ஒரு கோப்பு கேட்டு ஆள் அனுப்பினேன். கட்டுகளின் மேல் தலை வைத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துத் தொட்டுப் பார்த்த உதவியாளர், ஓடிவந்து என் மேசை முன்னால் நின்று, "அண்ணாச்சி போயிட்டாவ சார்" என்றார். கண்ணாடிக் கதவு வழியாக ஸ்ட்ரெச்சரைத் திருப்ப இடம் போதவில்லை. பதிவறைக்குப் பின்பக்கம் ஒரு மரக்கதவு உண்டு. அதன் வழியாகத்தான் தூக்கிப்போனார்கள். அந்தக் கதவில் இயந்திரம் இல்லை.

அன்று சாயங்காலம் எல்லோரும் வடகரைக்குக் கிளம்பினோம். நான் கடைசிக்கு முந்தின ஆள். உதவியாளர் தன் முகத்தைக் காட்டி வெளியே வந்து பூட்டப்போனவர், பூட்டாமல் நின்றார்.

"என்னய்யா?"

"சார், பாருங்க."

கண்ணாடிக்கு அந்தப்பக்கம், இருட்டின கூடத்தில், திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. உள்ளே இருப்போர்: 1.

காரியம் முடிந்த கையோடு இறப்புச் சான்று நகலை இணைத்து, ஒன்பதாம் பத்தியைப் பார்வையில் குறிப்பிட்டு, நீக்கக் கோரி எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டினேன். பதில் இல்லை. தொலைபேசியில் கேட்டேன். இயந்திரப் பிரிவில் ஒரு பெண் எடுத்தாள். நல்ல குரல், மரியாதையான பேச்சு.

"சார், நீங்க சொல்ற ஸ்டாஃப் உள்ள இருக்கார் சார்."

"அம்மா, அவர் இறந்துட்டார்."

"ஓகே சார். ஆனா உள்ள இருக்கார். உள்ள இருக்கறவங்கள நீக்க சிஸ்டம் விடாது."

"சான்றிதழ் அனுப்பியிருக்கேன்."

"பாத்தேன் சார். கிளியரா இருக்கு. அவர் ஒரு தடவை வெளிய பஞ்ச் பண்ணிட்டார்னா நான் உடனே எடுத்துடுவேன். அவரை வரச் சொல்லுங்களேன்."

அவள் கேலி செய்யவில்லை. அவளுடைய திரையிலும் அதே எண்தான் தெரிந்திருக்கும். ஒன்பதாம் பத்தியை எழுதியவர் ஒருவர். இயந்திரத்துக்கு விதி சொல்லிக்கொடுத்தவர் வேறொருவர். இரண்டு பேரும் சந்தித்துக்கொள்ளவில்லை. இதைவிடச் சின்ன காரணங்களுக்காகப் பெரிய காரியங்கள் நின்றுபோனதை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் எதுவும் இப்படித் தினமும் சாயங்காலம் வெளிச்சம் போட்டுக்கொண்டு நின்றதில்லை.

உதவியாளர் அதற்கு ஒரு வழக்கம் உண்டாக்கினார். பூட்டுமுன் பதிவறை வாசலில் நின்று, "அண்ணாச்சி, பூட்டுதேன். காலையில வாரேன்" என்று சொல்வார். பதிவறையில் ஒரு விளக்கையும் மின்விசிறியையும் அணைக்காமல் விட்டுவிட்டுப் போவார். மின்சாரச் சிக்கனச் சுற்றறிக்கையை நினைவூட்டினேன்.

"அது தெரியும் சார். உள்ள ஆளு இருக்கையில விளக்க அமத்தக் கூடாதுன்னும் ஒரு சுத்தறிக்கை உண்டுல்லா?"

இருந்தது, பாதுகாப்பு பற்றிய சுற்றறிக்கை. நான்தான் சுற்றுக்கு விட்டிருந்தேன். விளக்கு எரிந்தது.

தீயணைப்பு ஒத்திகை ஒன்று நடந்தது. மணி அடித்ததும் எல்லோரும் வரிசையாக முகம் காட்டி முற்றத்துக்கு வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். வந்திருந்த தீயணைப்பு அதிகாரி கெட்டிக்காரர். நாங்கள் சொன்ன கணக்கை நம்பாமல் கண்ணாடி வழியாகத் திரையைப் பார்த்தார்.

"உள்ள இன்னும் ஒருத்தர் இருக்காரே. யாரு?"

சாரல் தூறிக்கொண்டிருந்தது. உதவியாளர்தான் சொன்னார்: "அவுக வரமாட்டாவ சார்."

"ஏன், நடக்க முடியாதவரா?"

"ஆமா சார்."

அதிகாரி பரிவோடு குறித்துக்கொண்டார். நடக்க இயலாத பணியாளரை மீட்க ஒருவருக்குத் தனிப்பயிற்சி அளிக்க வேண்டும் என்று அறிக்கை வந்தது. பயிற்சிக்கு உதவியாளரை அனுப்பி வைத்தேன்.

அப்படி இரண்டு சாரல் போயிற்று. மாதாந்திர வருகை அறிக்கையில் மொத்த ஆட்களைவிட உள்ளே இருந்தவர் ஒருவர் அதிகம் என்று வரும். நான் குறிப்புப் பத்தியில் 'காலமானவர்' என்று எழுதி அனுப்புவேன். மேலிருந்து ஒருவரும் கேட்கவில்லை. மத்தியான மந்தத்தில், கூடத்தில் எல்லோரும் தலைகுனிந்து வேலை பார்க்கும்போது, எண்ணிப் பார்ப்பேன். எப்போதும் திரையில் ஒன்று கூட இருக்கும். சில நாள் நானே தவறாக எண்ணி, கூடத்திலும் அந்த எண்ணிக்கை வந்துவிடும். அப்போது மறுபடி எண்ண மாட்டேன்.

மூன்றாவது சாரலில் அவர் மகளுக்குக் கருணை அடிப்படையில் வேலை வந்தது. இளநிலை உதவியாளர் பதவி; இடம், அதே அலுவலகம், அதே பதிவறை. தாயும் தம்பியும் அவள் சம்பாத்தியத்தை நம்பி இருந்தார்கள். அதுவரை பஜாரில் ஒரு மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தாள். கோப்பு நகர்ந்த காலமெல்லாம் என்னிடம் வந்து, "என்னாச்சு மாமா?" என்று கேட்பாள். நியமன ஆணையைக் கையில் வாங்கியதும், "நன்றி சார்" என்றாள். ஒரு தாளுக்கு அவ்வளவு வலிமை.

ஆணையில் ஒரு நிபந்தனை. சேர்ந்த ஒரு மாதத்துக்குள் இயந்திரத்தில் முகம் பதிந்து வருகை தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் பணியில் சேராதவராகக் கருதி ஆணை ரத்தாகும். ஒரு குடும்பத்துக்குக் கருணை ஒருமுறைதான். ரத்தானால் மறுபடி கேட்க முடியாது. போலியாகச் சேர்ந்துவிட்டு வெளிநாடு போகிறவர்களைப் பிடிக்க வந்த நிபந்தனை அது. அவள் சேர்ந்தது மாதத்தின் முதல் நாள். அந்த மாதக் கடைசி நாளில் நான் ஓய்வு பெறுகிறேன். போகுமுன் இது ஒன்றை முடித்துவிடலாம், அரைமணி வேலை என்று நினைத்தேன்.

அவளை வெளிப்பக்க இயந்திரத்தின் முன்னால் நிறுத்தி, புதிய முகம் பதியும் பொத்தானை அழுத்தினேன். இயந்திரம் கொஞ்சம் யோசித்தது. பிறகு திரையில் அண்ணாச்சி சிரித்தார். பெண்குரல் சொன்னது: "நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்."

உதவியாளர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவள் உட்காரவில்லை. திரைக்கு இன்னும் பக்கத்தில் போனாள். அதே அகலமான நெற்றி. தள்ளித் தள்ளி இருக்கும் அதே கண்கள். நான் அவளைச் சின்னதிலிருந்து பார்க்கிறேன், அதுவரை கவனித்ததில்லை. துண்டுக்காரர்களுக்காகத் தளர்த்திய பிடி, சாயலைச் சரியாகப் பிடித்துவிட்டது.

"அப்பா" என்றாள். அழுகை இல்லை. ஆளை அடையாளம் காட்டுகிற குரல். கொஞ்ச நேரம் கழித்து, "வீட்டுல இருக்க போட்டோல எல்லாம் முறைச்சுக்கிட்டுதான் நிப்பாவ. இப்படிச் சிரிச்ச படம் ஒண்ணுகூட கிடையாது சார்" என்றாள்.

மறுபடி மறுபடி முயன்றோம். தலைமுடியை அவிழ்த்துவிட்டு, முடிந்து, பொட்டைப் பெரிதாக வைத்து, பூ வைத்து. திருநெல்வேலிப் பையன், பிடியை இறுக்கும் அதிகாரம் இப்போது தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது என்றான். தலைமை அலுவலகம், ஒரு முகம் இருக்கும்போது அதே முகத்தை இரண்டாம் முறை பதிய முடியாது என்றது. இருப்பதை நீக்குங்கள் என்றேன். அவர் உள்ளே இருக்கிறாரே என்றது.

அதனால் அவள் தன் அலுவலகத்துக்குப் பார்வையாளராக வந்தாள். தினமும் பார்வையாளர் பதிவேட்டில் பெயரும் வந்த காரியமும் எழுதினாள். காரியம் என்ற இடத்தில் 'பணி' என்று எழுதினாள். உதவியாளர் சாவி போட்டுத் திறந்துவிடுவார். ஆனால் அதற்கு முன்னால், தினமும், அவள் ஒரு தடவை இயந்திரத்தின் முன்னால் நிற்பாள். இன்றைக்காவது திறக்குமா என்று பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் பின்னால் நின்றேன். திரையில் சிரிப்பு வந்ததும், "வந்துட்டேன்பா" என்றாள். பெண்குரல் "நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்" என்றது. தலையாட்டிவிட்டுப் பதிவேட்டில் எழுதப் போனாள்.

எனக்கு அப்போதே தெரியும், வழி ஒன்றுதான். இயந்திரத்துக்கு அவள்தான் அவர். அவள் உட்பக்க இயந்திரத்தின் முன்னால் நின்றால் அவர் வெளியே போய்விடுவார். ஆனால் அது ஆள்மாறாட்டம். வேலையில் முழுதாகச் சேருமுன்பே ஒரு பெண் தன் தந்தையாக ஆள்மாறாட்டம் செய்து வேலையை இழந்தாள் என்று கோப்பில் ஏறினால், அதை எந்த மேல்முறையீடும் காப்பாற்றாது. அந்த விதியை என்னைவிடக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தியவர் யாரும் இல்லை. ஆகவே முறைப்படி கேட்டேன். பணியிடத்தில் காலமாகி, வெளியேறியதாகப் பதிவாகாத பணியாளரின் சார்பில், அவர் மகள் உட்பக்க இயந்திரத்தின் முன் நிற்க அனுமதிக்கலாமா என்று தெளிவுரை வேண்டி, அவசரம் என்று மேலே எழுதி அனுப்பினேன்.

பதில் இல்லை. அவள் நாள் எண்ணவில்லை, நான் எண்ணினேன். தபால் வரும் நேரத்தில் வாசலைப் பார்ப்பதும், மின்னஞ்சல் பெட்டியைத் திறப்பதும் என் வேலையாகிவிட்டது. அவள் அம்மா ஒருநாள் வடகரையிலிருந்து வந்து, "என்ன அண்ணே, பிள்ளைக்கு வேலை உண்டா இல்லையா? மருந்துக்கடைக்காரன் இடத்த வேற ஆளுக்குக் குடுக்கப்போறேன்னு சொல்லுதான்" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, கணவர் உட்கார்ந்திருந்த பதிவறைப் பக்கம் திரும்பாமலே போய்விட்டாள்.

மாதத்தின் கடைசி நாள். முற்பகலில் எனக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, நான் கண்டிப்பானவன் ஆனாலும் நல்லவன் என்று நான்கு பேர் பேசினார்கள். மிக்சரும் காபியும் முடிந்தது. தபால் வந்தது. அதில் எனக்கு வந்தது என் ஓய்வூதியக் கோப்பு பற்றிய கடிதம் மட்டும்.

மத்தியானம் அவளைக் கூப்பிட்டேன்.

"உட்பக்க மிசின் முன்னால போய் நில்லும்மா."

"நான் நின்னா அப்பா போயிருவாவளா சார்?"

"ஆமா."

"அப்புறம் வர முடியாதா?"

"நீக்கிருவாங்க."

"வெளிய தெரிஞ்சா உங்களுக்கு?"

"உத்தரவு போட்டது நான். எழுதியே வச்சிருக்கேன், உன் பேர் அதில கீழ்ப்படிஞ்சவர்னுதான் இருக்கு."

அவள் பதிவறைக்குப் போனாள். திரும்பி வர நேரமானது. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டதா இல்லையா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மின்விசிறிச் சத்தம் நின்றது. மூன்று சாரலாக அணையாத விளக்கு அணைந்தது. அவள் கையில் அவருடைய குடையோடு வந்தாள். அது அத்தனை நாளும் பதிவறை ஆணியில் தொங்கியது. யாரும் அதைத் தொட்டதில்லை.

கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். யாரும் சொல்லி எழவில்லை. காசாளர் செருப்பைக் கழற்றியிருந்தார்.

அவள் இயந்திரத்தின் முன்னால் நின்றாள். அண்ணாச்சி சிரித்தார். பெண்குரல், "நன்றி, சென்று வாருங்கள்" என்றது. கதவு திறந்தது. வெளியே நல்ல சாரல். குடையை விரித்துக்கொண்டு படியிறங்கி, முற்றத்தைத் தாண்டி, கேட்டு வரைக்கும் போனாள். பஸ்ஸுக்குப் போகும் ஆளின் நடை. அவர் நடை. கேட்டில் கொஞ்சம் நின்றாள். பிறகு குடையை மடக்கி, நனைந்துகொண்டே மகளாகத் திரும்பி வந்தாள்.

தலைமை அலுவலகத்துப் பெண் தொலைபேசியை உடனே எடுத்தாள். "ஆமா சார், இப்போ வெளிய போயிட்டார். எடுத்துடவா?"

"எடுத்துரும்மா."

"அப்பவே வரச் சொல்லியிருந்தா இவ்ளோ நாள் ஆகியிருக்காது சார்" என்றாள்.

ஈரத்தலையோடு அவளை மறுபடி வெளிப்பக்க இயந்திரத்தின் முன்னால் நிறுத்தினோம். உதவியாளருக்குப் பழைய ஞாபகம். "சிரிச்சாத்தான் மிசின் பிடிக்கும் தாயி" என்றார்.

"பொய் சொல்லாதிய" என்றாள். சிரிக்கவில்லை. வீட்டுப் படங்களில் அவள் அப்பா இருப்பதுபோல முறைத்துக்கொண்டு நின்றாள். அந்த முகமே பதிந்தது. பெண்குரல் வணக்கம் சொன்னது. அவள் வேலையில் சேர்ந்தாள்.

சாயங்காலம் நான் கடைசி முறையாக முகம் காட்டி வெளியே வந்தேன். உதவியாளர் பின்னாலேயே வந்தார். திரையைப் பார்த்தார். உள்ளே இருப்போர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சுழியம். பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"என்னய்யா?"

"இத்தன நாளும் ஒண்ணும் தோணல சார். இப்பத்தான் உள்ள பாக்க ஒரு மாதிரி இருக்கு."

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. பின்கட்டு இருட்டாக இருந்தது. அவ்வளவு இருட்டை அந்தக் கட்டடத்தில் நான் பார்த்ததில்லை. பூட்டுகிற சத்தம் கேட்ட பிறகும் இருவரும் கொஞ்ச நேரம் படியில் நின்றோம். சொல்லிக்கொள்ள உள்ளே யாரும் இல்லை.

என் விஷயத்தில் ஒன்பதாம் பத்தி எழுத்துப் பிசகாமல் நடந்தது. பிறகொரு நாள் ஓய்வூதியத் தாளில் ஒரு கையெழுத்துக்காக அலுவலகம் போனேன். பழக்கத்தில் முகத்தைக் காட்டினேன். "முகம் அறியப்படவில்லை" என்றது பெண்குரல். பார்வையாளர் பதிவேட்டில் பெயர் எழுதினேன். வந்த காரியம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று நெடுநேரம் தெரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவள் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்துகொண்டிருந்தாள். அண்ணாச்சியின் அந்த நடையைப் பார்க்க மாட்டாமல் நான் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அதற்குச் சில வாரம் கழித்து, குற்றாலத்தில், அருவித் தண்ணீர் ஓடிவரும் கரையில், என் தாய்தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு ஈரவேட்டியோடு நின்றிருந்தேன். கரை முழுக்கக் கூட்டம். நான்கு ஆள் தள்ளி அவள் தம்பி உட்கார்ந்து, ஐயர் சொல்லச் சொல்லத் தகப்பன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான். ரிட்டயராகிட்டு தினமும் வந்து நிற்கிறேன் என்று சொன்னவரின் பெயர், அருவி இரைச்சலில் பாதிதான் கேட்டது. பையில் தொலைபேசி அடித்தது. அலுவலகத்திலிருந்து அவள்.

"சார், நீங்க அன்னைக்குத் தெளிவுரை கேட்டு எழுதினீங்கள்லா, அதுக்குப் பதில் வந்திருக்கு."

"வாசி."

வாசித்தாள். குரல் நடுங்கவில்லை, என்னிடம் பயின்ற பிள்ளைகள் யாருக்கும் நடுங்காது. "பார்வையில் காணும் கடிதத்தில் குறிப்பிட்டுள்ள பணியாளர் தற்போது உள்ளே இருப்பதாகப் பதிவு ஏதும் இல்லை. எனவே அவர் வெளியேறுவது குறித்த கேள்வி எழவில்லை."

என் பக்கம் அருவி. அவள் பக்கம், பதிவறையில் மின்விசிறி ஓடுகிற சத்தம்.

"என்ன செய்ய சார்?"

"வந்த தேதி போட்டுக் கோப்புல சேத்துரும்மா."

"இன்னைக்குத் தேதிதான?"

"இன்னைக்குத் தேதிதான்."

முத்திரை விழுகிற சத்தம் தொலைபேசியில் கேட்டது. அன்று ஆடி அமாவாசை.